எதுவரைக்கும் துணை

அன்புள்ள மகனுக்கு,

தொலைபேசியில் நாங்கள் கதைக்கத் தொடங்கினால் மூன்றாவது நிமிடத்தில் நீ, "அம்மா, நீங்கதானே ஓம் எண்டு சொன்னனீங்கள்" என்கிறாய். அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வருவதில்லை. ஏனென்றால் அது உண்மை. நீ போவதற்கு நான்தான் ஓம் என்றேன். அதை ஏன் சொன்னேன், இப்போது ஏன் அதை நினைத்து வருந்துகிறேன் என்பதை நீ இடையில் குறுக்கிடாமல் கேட்கவேண்டும் என்றால் கடிதம்தான் வழி. எழுதுவது உன் தங்கையின் கை. நான் குசினியில் வேலை செய்துகொண்டே சொல்கிறேன், ரோசி மேசையில் இருந்து எழுதுகிறாள். ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழையெல்லாம் இதில் இறக்குகிறாள். சில இடங்களில் என்னைத் திருத்தவும் செய்கிறாள். நான் சொன்னபடியே எழுது என்றால், "நீங்க ஒரு வசனத்தைத் தொடங்கினா முடிக்கிறேல்லை அம்மா, அண்ணாவுக்கு விளங்காது" என்கிறாள். முடிந்ததும் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். நீ கையெழுத்து வைக்கப்போகும் வெள்ளிக்கிழமைக்கு முன் இதை வாசித்துவிட வேண்டும்.

உன் பெயரோ கம்பனியின் பெயரோ நீ போகப்போகும் நாட்டின் பெயரோ இதில் இராது. இதைக் கோவில் மலரிலும் போடும்படி கேட்டிருக்கிறேன். உன்னைப் போல இன்னும் இரண்டு பிள்ளைகள் அதே வேலைக் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது கேள்விப்பட்டேன். அவர்களுடைய தாய்மாரும் என்னைப் போல வயதானவர்களைப் பார்க்கும் வேலை செய்கிறவர்கள். நான் விட்ட அதே பிழையை அவர்களும் விடுவார்கள். அது எங்களுக்கென்றே அமைந்த பிழை.

நீ அந்தக் கடதாசியைக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? மக்வேதா தெருவில் நீ தொலைபேசி திருத்தும் கடையைப் பூட்டிவிட்டு நேரே வந்தாய். அப்பா மீன் துப்புரவு செய்துகொண்டிருந்தார். நீ கதிரையில் இருக்கவும் இல்லை, நின்றபடியே சொன்னாய். ஒரு தீவு நாட்டு அரசாங்கம் மலைக்காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளோடு கனகாலமாகச் சண்டை பிடிக்கிறது. அந்த அரசாங்கத்துக்கு உதவியாக ஒரு வல்லரசு பயிற்சி கொடுக்க ஆட்களை அனுப்புகிறது. அவர்களுக்காக ஒரு கம்பனி ரேடியோ வேலை தெரிந்தவர்களை எடுக்கிறது. நீ இத்தாலி இராணுவத்தில் இருந்த ஒரு வருடத்தில் பழகியது அந்த வேலைதான். "சண்டைக்கோ?" என்று அப்பா கேட்டார். "இல்லையப்பா. ஆமிக்காரருக்கு ரேடியோ பழக்கிறது, பழுதானாத் திருத்திறது. துவக்கே தொடமாட்டன்" என்றாய். பிறகு கடதாசியில் விரல் வைத்து மூன்று சொற்களை எங்களுக்கு வாசித்தாய். அடெஸ்த்ராரே, அஸ்ஸிஸ்தெரே, அக்கொம்பஞ்ஞாரே. பழக்குவது, உதவுவது, துணைக்குப் போவது.

முதல் இரண்டு சொற்களையும் நான் யோசித்துப் பார்த்திருப்பேன். மூன்றாவது என்னுடைய சொல். இந்தப் பலெர்மோவுக்கு வந்த நாள் முதல் நான் செய்கிற வேலைக்கு அதுதான் பெயர். சிஞ்ஞோராவை, அந்த வீட்டுக் கிழவியம்மாவை, கைபிடித்து வைத்தியரிடம் கூட்டிப்போ, பூசைக்குக் கூட்டிப்போ, பல்கனியில் பக்கத்தில் இரு. எல்லாம் அக்கொம்பஞ்ஞாரே. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு கையில் குடையும் மறுகையில் ஒரு கிழவரின் முழங்கையுமாக நீ மெல்ல நடந்துபோவது போல எனக்குத் தோன்றியது. "துணைக்குத்தானே ராசா, போயிட்டு வா" என்றேன். அப்பா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மீனைக் கழுவப் போய்விட்டார்.

அடுத்த கிழமை அளவு கேட்டு ஒரு படிவம் வந்தது. சப்பாத்து அளவு, தொப்பி அளவு, ஜுபொத்தோ அளவு. ஜுபொத்தோ என்றால் எங்களுக்குக் குளிருக்குப் போடும் மேற்சட்டை. மலைநாடு, குளிரும் என்று நினைத்து, அளவு நாடாவை எடுத்து உன் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தேன். உள்ளே ஒரு கம்பளிச் சட்டை போட இடம் வேண்டும் என்று இரண்டு சென்டிமீட்டர் கூட்டி எழுதினேன். நீ சிரித்தாய். அது என்ன சட்டை என்று உனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. அதற்காக உன்னைக் கோபிக்கவும் எனக்கு உரிமை இல்லை, நான் கேட்கவும் இல்லை.

எனக்கு அதைச் சொன்னவர் சிஞ்ஞோர் நீனோ. கபோ சந்தைக்கு மேலே நாலாம் மாடியில் இரண்டு வருடமாக நான் பார்க்கும் கிழவர். நீயும் அவருடைய தொலைக்காட்சியைத் திருத்தப் போயிருக்கிறாய். அவர் அமெரிக்காவில் வேலை செய்து, ஓய்வு பெற்று, பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவர் என்பதற்கு மேல் உனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ரோசிக்குப் பள்ளிக்கூடத்தில் வியட்நாம் போரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதக் கொடுத்திருந்தார்கள். நூலகத்திலிருந்து மூன்று தடித்த புத்தகங்கள் கொண்டுவந்து பக்கத்துக்குப் பக்கம் கடதாசித் துண்டு வைத்துக்கொண்டு இருந்தாள். அதை நான் அவரிடம் ஒரு கதையாகச் சொல்ல, "நான் அங்கே இருந்தேன்" என்றார், உப்பைக் கேட்பதுபோல. சனிக்கிழமை ரோசியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் கதைத்தது இந்த ஊர்ப் பாஷையில். ரோசி எங்கள் பாஷையில் எழுதுகிறாள்.

முதலில் அவர் பிடிகொடுக்கவில்லை. "அதுதான் புத்தகத்தில எல்லாம் இருக்கே. பாத்து எழுது." 

"புத்தகத்தில நீங்க இல்லையே" என்றாள் இவள். 

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் இதே கபோவிலிருந்து தாய் தகப்பனோடு கப்பல் ஏறியவராம். இருபது வயதில் அந்த நாட்டு இராணுவம் அவரைக் கூப்பிட்டபோது அவருக்கு அந்த நாட்டின் குடியுரிமைகூட இல்லை. "கம்யூனிசத்தை நிப்பாட்டத்தானே போனீங்கள்?" என்று ரோசி பேனையைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டாள். "பிள்ளை, எனக்குத் தெரிஞ்ச கம்யூனிஸ்ட் என்ர மாமா ஒருத்தர்தான். சப்பாத்துத் தைக்கிறவர். அவரைச் சுடுறதுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, அடுத்த ஒழுங்கையில இருந்தவர்." அவருடைய தாய் சின்னக் கோவில்களிலெல்லாம் மெழுகுதிரி கொளுத்தி, அந்த மாமாவின் ஆன்மாவுக்காகவும் மகனின் உயிருக்காகவும் சேர்த்தே மன்றாடுவாவாம். 

நீ ரேடியோவுக்குப் போகிறாய். அவரும் ரேடியோவுக்குத்தான் போனார். இதைக் கேட்டபோதுதான் நான் கோப்பி போடுவதை விட்டுவிட்டு வந்து கதிரையில் இருந்தேன். அவர் சொன்னதை ரோசி அப்படியே குறித்து வைத்திருக்கிறாள். "முதல் முகாமுக்குள்ள மேசை. மேசையில வைச்சுத் திருத்தினன். பிறகு, பழுதானது எங்கையோ அங்கை போய்த் திருத்து எண்டாங்கள். அதுவும் நியாயம்தானே, எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு வர ஏலுமோ? பிறகு, இவங்களுக்குப் பாவிக்கத் தெரியேல்லை, ரெண்டு நாள் கூடப் போ எண்டாங்கள். அதுவும் நியாயம். கூடப் போனன். பிறகொரு நாள் அவங்கட ரேடியோக்காரன் செத்துப்போனான். கருவி நிலத்தில கிடக்குது. பாவிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான் நிக்கிறன். எடுத்தன்."

"எடுத்து?"

"விமானத்தைக் கூப்பிட்டன். அண்டைக்கும் ஒரு வெடி நான் வைக்கேல்லை, என்ர துவக்குச் சுத்தமாத்தான் இருந்தது. ஆனா விமானம் நான் சொன்ன இடத்துக்குத்தான் வந்தது."

"அங்கை ஆர் இருந்தது?"

"அண்டைக்குத் தெரியாது."

"பிறகு?"

"பிறகு தெரியும்" என்றார். கோப்பி கேட்டார். ரோசி பேனையை மூடினாள்.

அந்தப் பெரிய நாடும் அப்படித்தான் அந்தச் சண்டைக்குள் போனது என்று ரோசி வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதலில் சண்டை வேறு யாருடையதோ. இவர்கள் ஆயுதமும் ஆலோசனையும் கொடுத்தார்கள். ஆலோசனை சொல்லப் போனவர்கள் சண்டை நடக்கும் இடத்துக்கும் போகவேண்டி வந்தது. உதவிக்கு விமானம் வந்தது. விமானத்துக்குத் தளம் வேண்டும். தளத்தைத் தாக்கினார்கள், ஆகவே காவலுக்கு ஆட்கள் வந்தார்கள். வேலிக்குள் நின்று காவல் காக்க முடியாது என்று வேலிக்கு வெளியே போனார்கள். வெளியே போனவர்கள் செத்தார்கள், ஆகவே இன்னும் ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் முந்தைய அடிதான் காரணம். இடையில் சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்களாம். ஆனால் திரும்பினால், அதுவரைக்கும் செத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்து அடுத்த அடியையும் வைத்தார்களாம். "ஆரும் ஒரு நாளில பெரிய போர் செய்வம் எண்டு முடிவெடுக்கேல்லை அம்மா" என்றாள். உன் தங்கைக்கு அது வரலாறு. எனக்கு அது நான் நன்றாக அறிந்த ஒரு வீடு.

உனக்கு ஏழு வயதாக இருந்தபோது நான் வேலை செய்த சிஞ்ஞோராவை மறந்திருக்கமாட்டாய். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் இருந்தால் போதும் என்றுதான் அந்த வேலை தொடங்கியது. பிறகு, இருக்கிறாய்தானே, இரவுச் சாப்பாட்டையும் கொடுத்துவிட்டுப் போ என்றா. பிறகு படுக்கையில் ஏற்றிவிட்டுப் போ. பிறகு குளியலறையில் விழுந்துவிட்டா, இரண்டு இரவு மட்டும் நில் என்று மகள் அழுதுகொண்டு கேட்டா. அந்த இரண்டு இரவும் ஒரு வருடம் ஆனது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. ஒவ்வொரு முறையும் மரியாதையாகக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் கேட்டது சிறிய விடயம்தான், நான் ஓம் என்றேன். அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, 'என் அம்மா சிஞ்ஞோரா வீட்டில் வசிக்கிறா' என்று நீ எழுதினாய். ஆசிரியை என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. நான் வெட்கத்தில் சிரித்தேன், வீட்டுக்கு வந்து உன்னை ஏசினேன். பிழை என்னுடையது. முதல் நாளே, எதுவரைக்கும் என்று நான் கேட்டிருக்கவேண்டும். சிஞ்ஞோர் நீனோவிடம் சேர்ந்த அன்றைக்கு முதல் வேலையாகக் கேட்டேன். இரவு நிற்கமாட்டேன், ஞாயிறு வரமாட்டேன் என்றேன். "நல்லது, நான் ஞாயிறில சாகமாட்டன்" என்றார்.

அவரிடம் உன் கதையையும் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வர எழும்பும்போது, "என்ர மகனும் போறான், துணைக்குத்தான்" என்றேன். ரோசியின் தொலைபேசியில் நீ அனுப்பிய கடதாசிகளின் படம் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜுபொத்தோ என்ற இடத்தில் தன் நெஞ்சில் விரலால் தட்டிக் காட்டினார். "இது குளிருக்கு இல்லை. குண்டுக்கு. மேசையில இருந்து ரேடியோ திருத்திறவனுக்கு இதைக் குடுக்கிறேல்லை." பெடியன் துவக்குத் தொடமாட்டன் என்று சொன்னவன் என்றேன். "நானும் அதைத்தான் என்ர அம்மாவுக்கு எழுதினனான்" என்றார். 

இன்னொன்றையும் உனக்குச் சொல்லவேண்டும். இதுவரை சொல்லாதது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது மன்னாரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டுப் படையின் அதிகாரி ஒருவர் வந்தார். அவர்கள் அமைதி காக்க வந்தவர்கள், எங்களுக்குத் துணையாக வந்தவர்கள் என்று சொல்லப்பட்டது. நாங்களும் நம்பினோம். நன்றாக வாசிப்பேன் என்று வரவேற்புரையை என்னிடம் கொடுத்தார்கள். நான் அதில் இல்லாத இரண்டு நல்ல வசனங்களை நானே சேர்த்து வாசித்தேன். அவர் கைதட்டினார், என் கன்னத்தில் தட்டினார். மாதங்கள் கனக்கப் போகவில்லை, அவர்களுக்கும் எங்கள் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கிவிட்டது. சந்தியில் அதே அதிகாரியின் முன்னால் புத்தகப்பையைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றேன். அவர் கொடியவர் போலத் தெரியவில்லை, களைத்திருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நீ போகும் ஊரிலும் ஒரு பிள்ளை வரவேற்பு வாசிப்பாள். முதல் மாதம் உனக்கு எல்லாரும் நல்லவர்களாக இருப்பார்கள். அதன் பிறகு அவள் உன்னைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்படிப் பார்த்தவள் நான்.

உன் பக்கத்து நியாயத்தையும் நான் மறைக்கவில்லை. சின்ன வயதில் கெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலில் எங்கள் பெர்மெஸ்ஸோவுக்காக, வதிவிட அனுமதிக்காக, எங்களோடு மணிக்கணக்கில் நின்றவன் நீ. பதினெட்டில் குடியுரிமை எடுத்தாய், ஒரு வருடம் சீருடையும் போட்டாய், அப்படியும் கடைக்கு வருகிறவர்கள் நீ எந்த ஊர் என்று கேட்கிறார்கள். பலெர்மோ என்றால், இல்லை, உண்மையில் எந்த ஊர் என்கிறார்கள். ஒரு பெரிய நாட்டின் பெரிய வேலையில் உன் பெயர் இருந்தால் அந்தக் கேள்வி நின்றுவிடும் என்று நீ நினைக்கிறாய். சிஞ்ஞோர் நீனோவும் அப்படித்தான் நினைத்தாராம். திரும்பி வந்தபோது குடியுரிமை கொடுத்தார்கள். அவருக்கு அது பெருமையாகத்தான் இருந்தது என்கிறார், பொய் சொல்லவில்லை. ஆனால் வேலைத்தலத்தில் அவரை முன்னரைப் போலவே இத்தாலிக்காரன் என்றுதான் கூப்பிட்டார்களாம்.

நேற்று இதுவரைக்கும் எழுதி வைத்திருந்தோம். அதற்குள் ரோசி பொறுக்கமாட்டாமல் உனக்குச் செய்தி அனுப்பி, கம்பனிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறாள். பின்னேரம் நீ தொலைபேசி எடுத்தாய்.

"அம்மா, கேட்டனான். துணைக்குப் போறது எதுவரைக்கும் எண்டு."

"என்ன சொன்னவை?"

"ஃபின் தோவே செர்வே." தேவையான இடம் வரைக்கும். "சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். நல்ல மனுசன் அம்மா."

"என்னட்டையும் நல்ல மனுசர்தான் கேட்டவை" என்றேன். கையெழுத்து வைத்துவிட்டாயோ என்று கேட்டேன். இல்லை, வெள்ளிக்கிழமைதான் என்றாய். பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, "நீங்க என்ன சொல்லுறியள்?" என்று கேட்டாய். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதும்படி இன்று காலை ரோசிக்கு இப்படிச் சொன்னேன்: 'நீ வளர்ந்த பிள்ளை. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். இனி முடிவு உன்னுடையது.' அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதை நான் எழுதமாட்டன்."

"ஏன், என்ன பிழை?"

"அண்ணா கேட்டது முடிவு ஆருடையது எண்டு இல்லை. நீங்க என்ன சொல்லுறியள் எண்டு. நீங்க ஒண்டும் சொல்லேல்லையே."

"இருபத்துநாலு வயதுப் பிள்ளைக்குப் போகாதை எண்டு எப்பிடியடி சொல்லுறது?"

"சிஞ்ஞோராவுக்கு மாட்டன் எண்டு சொல்லத் தெரியாமல் நிண்ட மாதிரியோ?"

அவளை அடிக்கக் கை ஓங்கினேன், உண்மையைச் சொல்கிறேன். அறைக்குள் வேலைக்கு உடுத்திக்கொண்டிருந்த அப்பாவின் குரல் வந்தது. "அவள் சொல்லுறது சரி. எழுது பிள்ளை. நானும் சொன்னதெண்டு எழுது. அண்டைக்கு மீனைக் கழுவப் போனது என்ர பிழை."

ஆகவே, நீ கேட்டதற்குப் பதில். என் ஓமை நான் திரும்ப எடுக்கிறேன். கையெழுத்து வைக்காதே, மகனே. போகாதே.

அம்மா, அப்பா